ஓக்லாந்துக்கு மீண்டும் ஒரு காவல் தலைவர் தேவை

2016ஆம் ஆண்டு ஜூன் 9 அன்று கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நகரக் காவல் துறைத் தலைவர் ஷான் வென்ட் பதவி விலகினார். அவருடைய இடத்துக்கு உள்ளூர் ரயில் நிறுவனத்தின் காவல் பிரிவிலிருந்து பென் ஃபேர்ரோ அவசரமாக அழைத்து வரப்பட்டார். ஒரு வாரம்கூட அவர் அந்த நாற்காலியில் நிலைக்கவில்லை. அவரைப் பற்றித் தாமதமாகக் கிடைத்த ஒரு தகவல் தன் நம்பிக்கையைக் குலைத்துவிட்டது என்று சொல்லி மேயர் லிபி ஷாஃப் அவரை விலக்கினார். அடுத்துப் பொறுப்பேற்ற பால் ஃபிகரோவா இரண்டே நாளில் தானாக ஒதுங்கிக்கொண்டார். ஒன்பது நாளில் மூன்று தலைவர்கள். நான்காவதாக ஒருவரை உடனே தேடாமல், காவல் துறையை நகர நிர்வாகியான சப்ரினா லாண்ட்ரெத்தின் கையில் மேயர் ஒப்படைத்தார். நகரத்தின் வரவு செலவையும் ஊழியர்களையும் கவனிக்கும் அதிகாரி அவர், காவல் பணியில் இருந்தவர் அல்லர். அடுத்த பல மாதங்களுக்கு அந்த ஏற்பாடுதான்.

இத்தனைக்கும் அடியில் இருந்தது நெஞ்சு பொறுக்காத ஒரு வழக்கு. பதின்ம வயதுப் பெண் ஒருவரைப் பல காவலர்கள் பாலியல் சுரண்டலுக்கு உள்ளாக்கியிருந்தார்கள். அதைத் துருவி விசாரித்திருக்க வேண்டிய மேலதிகாரிகள் மெத்தனமாக இருந்துவிட்டார்கள். தலைவர் போனது நியாயம்தான். ஆனால் அடுத்து வந்தவரைப் பற்றிய அடிப்படை விசாரணையைக்கூட முடிக்காமல் நாற்காலியில் உட்கார வைத்தது, ஆள் தேடும் வழக்கத்திலேயே அந்த நகரத்துக்கு இருக்கும் ஒரு நோயை எனக்குக் காட்டியது.

ஓக்லாந்தில் ஏறக்குறைய நான்கு லட்சத்து நாற்பதாயிரம் பேர் வாழ்கிறார்கள். விரிகுடாவுக்கு இந்தப் பக்கம் ஓக்லாந்து, அந்தப் பக்கம் சான்ஃபிரான்சிஸ்கோ. துறைமுகம் உண்டு, குன்றின் மேல் செல்வந்தர் வீடுகள் உண்டு, கீழே சமதளத்தில் தலைமுறை தலைமுறையாக வேலையும் வாய்ப்பும் மறுக்கப்பட்ட தெருக்களும் உண்டு. பல ஆண்டுகளாக இதன் அருகில் வாழ்கிறேன். என் நண்பர்கள் பலருக்கு இதுதான் ஊர். ஒரு காவல் தலைவர் வருவதையும் போவதையும் இங்கே மக்கள் வானிலையைப் போலப் பேசுகிறார்கள். அந்தச் சலிப்புதான் எனக்குத் தாங்கவில்லை.

தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தத் தேடல் என்பதே புதிதாக இருக்கும். கோயம்புத்தூருக்கோ மதுரைக்கோ புதிய மாநகரக் காவல் ஆணையர் வருகிறார் என்றால், அது உள்துறை வெளியிடும் இடமாற்றப் பட்டியலில் ஒரு வரி. பல ஐபிஎஸ் அதிகாரிகளின் பெயர்களுக்கு நடுவே அவர் பெயரும் இருக்கும். அந்த ஊர் மேயரை யாரும் கேட்பதில்லை. மாமன்றத்தில் விவாதம் இல்லை. மாநிலக் காவல் துறையின் தலைமைப் பதவிக்கு மட்டும் உச்ச நீதிமன்றம் 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் ஒரு முறை வகுத்தது: மத்தியத் தேர்வாணையம் மூன்று பெயர்களைத் தரும், மாநில அரசு அவர்களில் ஒருவரை எடுத்துக்கொள்ளும், அவருக்குக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் பதவி. அந்தத் தீர்ப்பை மாநிலங்கள் எப்படியெல்லாம் வளைத்தன என்பது தனிக் கதை. இருந்தாலும் "குறைந்தது இரண்டு ஆண்டுகள்" என்று எழுத்தில் இருப்பதன் அருமை ஓக்லாந்தைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அமெரிக்காவில் ஏறத்தாழ 18,000 காவல் அமைப்புகள் இருக்கின்றன. நாடு முழுவதற்கும் பொதுவான ஐபிஎஸ் போன்ற பணி கிடையாது. ஒவ்வொரு நகரமும் தனக்கான தலைவரைத் தானே கண்டுபிடிக்க வேண்டும். நகர நிர்வாகம் ஆள் தேடித் தரும் நிறுவனம் ஒன்றுடன் ஒப்பந்தம் போடும். அந்த நிறுவனம் நகரத்தின் அழகான படங்களோடு ஒரு கையேடு தயாரிக்கும். சம்பளம், ஊழியர் எண்ணிக்கை, எதிர்பார்க்கும் தகுதிகள் எல்லாம் அதில் இருக்கும். பிறகு பொதுமக்கள் கருத்துக் கூட்டங்கள், இணையத்தில் கேள்வித்தாள், விண்ணப்பங்களை வடிகட்டுதல், குழுவின் நேர்காணல், பின்னணி விசாரணை, இறுதியில் இரண்டு மூன்று பேர். அவர்களில் ஒருவரோடு சம்பளப் பேரம். எல்லாம் முடிய ஆறு மாதமாவது ஆகும், சில ஊர்களில் ஓராண்டும் ஆகும்.

இதில் ஒரு சிக்கல் எப்போதும் தீராமலே இருக்கிறது. நல்ல விண்ணப்பதாரர் பெரும்பாலும் வேறொரு நகரத்தில் நன்றாக வேலை பார்த்துக்கொண்டிருப்பவர். அவர் பெயர் வெளியே வந்துவிட்டால், அந்த ஊரில் "இவர் கிளம்பப் பார்க்கிறார்" என்று ஆகிவிடும். காவலர் சங்கம் பிடித்துக்கொள்ளும், நகர மன்றம் முகம் சுளிக்கும். அதனால் திறமையானவர்கள் ரகசியம் கேட்கிறார்கள். மக்களோ தங்களை ஆளப்போகும் துப்பாக்கிப் படைக்குத் தலைவர் யார் என்பதை முன்பே தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. கடைசி மூவரின் பெயரையாவது வெளியிட வேண்டும் என்பது என் நிலை. அந்த வெளிச்சத்துக்கே அஞ்சுகிறவர், நள்ளிரவில் ஒரு தெருமுனைத் துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு கோபத்தோடு நிற்கும் கூட்டத்தின் முன் எப்படி நிற்பார்?

சியாட்டிலில் 2018இல் நடந்ததைப் பாருங்கள். அந்தத் துறையிலேயே பல ஆண்டுகள் பணியாற்றி, அப்போது இடைக்காலத் தலைவராகவும் இருந்த கார்மென் பெஸ்ட் என்ற கறுப்பினப் பெண் அதிகாரி இறுதி மூவரில் இடம்பெறவில்லை. ஊர் கொதித்தது. இறுதிப் பட்டியலில் இருந்த ஒருவர் விலகிக்கொள்ள, பெஸ்ட் உள்ளே வந்தார், மேயர் ஜென்னி டர்கன் அவரையே தேர்ந்தெடுத்தார். பெயர்கள் வெளியே வந்ததால்தான் ஊருக்குத் தன் விருப்பத்தைச் சொல்ல ஒரு வாய்ப்புக் கிடைத்தது. இரண்டே ஆண்டில், 2020 ஆகஸ்டில், நகர மன்றம் துறையின் நிதியைக் குறைக்க வாக்களித்ததை அடுத்து பெஸ்ட் ஓய்வு பெறுவதாக அறிவித்தார். ஊரே கேட்டு வாங்கிய தலைவரைக்கூட அந்த ஊரால் வைத்துக்கொள்ள முடியவில்லை.

ஓக்லாந்துக்கு வடக்கே, காரில் போனால் இருபது நிமிடத்தில், ரிச்மண்ட் இருக்கிறது. ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் மக்கள்தொகை. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, பழைய கப்பல் கட்டும் தளம், போர்க்காலத்தில் வேலை தேடி வந்த தொழிலாளர் குடும்பங்களின் வாரிசுகள். 2005இல் அங்கே கொலைகள் பெருகி, நெருக்கடி நிலை அறிவிக்கலாமா என்று நகர மன்றத்திலேயே பேச்சு எழுந்தது. அந்த நேரத்தில் நகர மேலாளர் பில் லிண்ட்சே தேர்ந்தெடுத்தவர் கிறிஸ் மேக்னஸ். எங்கிருந்து? வடக்கு டகோட்டாவின் ஃபார்கோவிலிருந்து. பனி கொட்டும், வெள்ளையர் மிகப் பெரும்பான்மையாக வாழும், கொலை என்பதே அபூர்வமான ஊர். மேக்னஸும் வெள்ளையர். தான் ஒருபாலீர்ப்பு உடையவர் என்பதை மறைக்காதவர். கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும் நிறைந்த ரிச்மண்டுக்கு இவரா என்று கேட்காதவர்கள் குறைவு.

2006 தொடக்கத்தில் அவர் பொறுப்பேற்றார். ஊருக்குள்ளேயே வீடு வாங்கிக் குடியேறினார். காவலர்களைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரே பகுதியில் நீண்ட காலம் வைத்தார். அந்தத் தெருவில் யார் கடை வைத்திருக்கிறார், எந்தப் பையன் பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டான், எந்த வீட்டில் மின்விளக்கு இரவெல்லாம் எரிகிறது என்பதெல்லாம் அந்தக் காவலருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பதவி உயர்வுக்கு எத்தனை பேரைக் கைது செய்தார் என்பதோடு மக்களோடு எப்படிப் பழகினார் என்பதும் கணக்கில் வந்தது. 2007இல் 47 கொலைகள் நடந்த அந்த ஊரில் 2014இல் 11 கொலைகள். முழுப் பெருமையையும் மேக்னஸுக்குக் கொடுக்க நான் தயாராக இல்லை. டெவோன் பாகன் தலைமையில் காவல் துறைக்கு வெளியே நகரம் தொடங்கிய அக்கம்பக்கப் பாதுகாப்பு அலுவலகம், துப்பாக்கி எடுக்கக்கூடிய இளைஞர்களைத் தேடிப் போய்ப் பேசி, வழிகாட்டி, உதவித்தொகையும் கொடுத்தது. அந்த உழைப்பு இல்லாமல் இந்த எண் வந்திராது.

மேக்னஸ் பதவியில் இருந்தது பத்து ஆண்டுகள். அந்தப் பத்தும் சுமுகமாக ஓடவில்லை என்பதைத்தான் நான் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். வந்த சில ஆண்டுகளுக்குள் துறையின் மூத்த கறுப்பின அதிகாரிகள் ஏழு பேர் இனப் பாகுபாடு என்று அவர் மீது வழக்குத் தொடர்ந்தார்கள். அது 2012 வரை இழுத்தது. நடுவர் குழு கடைசியில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 2014 டிசம்பரில் அமைதியான ஒரு போராட்டத்தில், கறுப்பினத்தவர் உயிரும் பொருட்டே என்ற முழக்கம் எழுதிய அட்டையைச் சீருடையோடு அவர் பிடித்து நின்ற படம் நாடு முழுவதும் பரவியது. உள்ளூர்க் காவலர் சங்கம் கடுமையாக எதிர்த்தது. இவற்றில் ஏதாவது ஒன்று ஓக்லாந்தில் நடந்திருந்தால் அந்த வாரமே புதிய தேடலுக்கு விளம்பரம் வந்திருக்கும். ரிச்மண்டில் அவர் தாக்குப்பிடித்ததற்கு மிக எளிய காரணம் ஒன்று உண்டு. அங்கே காவல் தலைவரை நியமிப்பவரும் நீக்குபவரும் நகர மேலாளர் ஒருவரே. 2005இல் அவரைத் தேர்ந்தெடுத்த லிண்ட்சேதான் அவர் போகும்வரை மேலாளராக இருந்தார். தேர்ந்தெடுத்தவரே அந்தத் தேர்வுக்குப் பொறுப்பேற்று, பத்து ஆண்டுகள் பின்னால் நின்றார். 2016இல் மேக்னஸ் அரிசோனாவின் டூசான் நகரத்துக்குப் போனார், பிறகு கூட்டாட்சி எல்லைக் காவல் அமைப்பின் ஆணையரானார். அவருக்குப் பிறகு ரிச்மண்டும் தடுமாறியது. உள்ளிருந்தே வந்த அடுத்த தலைவர் மூன்று ஆண்டு அளவில், காவலர் சங்கத்தின் நம்பிக்கையில்லா வாக்கெடுப்பைச் சந்தித்து, பதவியை இழந்தார். ஆகவே ரிச்மண்டைச் சொர்க்கம் என்று சொல்லவில்லை. ஒரு தலைவருக்கு எத்தனை எஜமானர்கள் என்ற கேள்வி அங்கே தெளிவாக இருந்தது, அவ்வளவுதான்.

ஓக்லாந்தில் அந்தக் கேள்விக்கு விடை சொல்ல முயன்றால் மூச்சு வாங்கும்.

2000ஆம் ஆண்டில், பணியில் சேர்ந்து சில வாரமே ஆன ஓர் இளம் காவலர், தன்னோடு இரவுப் பணியில் இருந்த நால்வர் மக்களை அடிப்பதையும் பொய் வழக்குப் போடுவதையும் போதைப்பொருளைத் தாங்களே ஒளித்து வைத்து ஆட்களைப் பிடிப்பதையும் மேலிடத்தில் சொன்னார். அந்த நால்வருக்கு ஊரில் 'ரைடர்ஸ்' என்று பெயர். பாதிக்கப்பட்ட 119 பேர் தொடுத்த வழக்கு 2003இல் சமரச ஒப்பந்தமாக முடிந்தது. இழப்பீடு ஒரு கோடி டாலருக்கு மேல். அதோடு துறை நிறைவேற்ற வேண்டிய 51 சீர்திருத்தப் பணிகள், அவற்றைக் கண்காணிக்க ஒரு கூட்டாட்சி நீதிபதி. ஐந்து ஆண்டில் முடியும் என்று நினைத்த அந்தக் கண்காணிப்பு இருபது ஆண்டுகளைத் தாண்டியது. நீதிபதி தெல்டன் ஹெண்டர்சன் ஓய்வு பெற்று வில்லியம் ஓரிக் வந்தார். நீதிமன்றத்தின் கண்காணிப்பாளரான ராபர்ட் வார்ஷா 2014இலிருந்து துறையின் இணக்க இயக்குநராகவும் அதிகாரம் செலுத்தினார். தலைவரின் ஒழுங்கு நடவடிக்கை முடிவுகளை மாற்றும் அளவுக்கு அந்த அதிகாரம் நீண்டது.

2009இல் லாங் பீச் நகரத்திலிருந்து ஆண்டனி பேட்ஸ் வந்தார். நல்ல பெயரோடு வந்தார். 2010இல் நிதிப் பற்றாக்குறையைக் காட்டி நகரம் 80 காவலர்களை ஒரே வீச்சில் வீட்டுக்கு அனுப்பியது. 2011 அக்டோபரில் பேட்ஸ் பதவி விலகியபோது அவர் சொன்ன காரணத்தின் சாரம் இதுதான்: என் கையில் இருக்கும் அதிகாரம் கொஞ்சம், என் தலையில் இருக்கும் பொறுப்பு முழுவதும். அவர் போன இரண்டு வாரத்தில், 'ஆக்குபை' என்ற பெயரில் பொருளாதார ஏற்றத்தாழ்வை எதிர்த்துப் பொது இடத்தில் முகாமிட்டிருந்த போராட்டக்காரர்களைக் காவல் துறை கலைத்த விதம் உலகச் செய்தியானது. அப்போது இடைக்காலத் தலைவராகச் சில நாட்களே ஆகியிருந்த ஹவர்ட் ஜோர்டன் அதன் சுமையை ஏற்றார். 2013 மே மாதத்தில் ஜோர்டன் விலகினார், ஆண்டனி டொரிபியோ இரண்டு நாள் இருந்தார், பிறகு வென்ட். ஒரே வாரத்தில் மூவர் என்பது 2016க்கு முன்பே ஒருமுறை அரங்கேறியிருந்தது.

பேட்ஸ் சொன்ன அந்த வாக்கியத்தை அடுத்த தேடலின் கையேட்டில் முதல் பக்கத்தில் அச்சிட்டிருக்க வேண்டும். அது தோற்றவரின் புலம்பல் என்று பலர் ஒதுக்கினார்கள். என் கணிப்பில், அந்த நகரத்தைப் பற்றி யாரும் சொன்னவற்றில் மிகத் துல்லியமான வாக்கியம் அதுதான்.

2016இன் அவமானத்துக்குப் பிறகு, நவம்பர் தேர்தலில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்ட வாக்காளர்களின் ஆதரவோடு மக்கள் காவல் ஆணையம் உருவானது. சாதாரண நகரவாசிகள் உட்காரும் ஆணையம். புதிய தலைவர் வேண்டுமென்றால் ஆணையம் பெயர்ப் பட்டியல் தரும், மேயர் அதிலிருந்து எடுக்க வேண்டும். நீக்கும் அதிகாரத்திலும் அதற்குப் பங்கு உண்டு. இந்த ஆணையத்தின் தேவையை நான் முழுமனதோடு நம்புகிறேன். ரைடர்ஸ் கையில் அடிபட்டவர்களின் பிள்ளைகள் தங்கள் காவல் துறையைக் கேள்வி கேட்க ஒரு நிரந்தர இடம் இல்லாமல் வாழக் கூடாது. ஆனால் அது வந்தபோது பழைய எஜமானர் யாரும் விலகவில்லை. மேயர் இருந்தார், நகர நிர்வாகி இருந்தார், நிதியை வைத்திருக்கும் நகர மன்றம் இருந்தது, நீதிமன்றக் கண்காணிப்பாளர் இருந்தார், காவலர் சங்கம் இருந்தது. அவர்களோடு இன்னொருவரும் சேர்ந்தார்.

ஆன் கிர்க்பாட்ரிக் 2017இல் வந்தார். ஸ்போகேன் நகரத்தில் தலைவராக இருந்தவர், சிகாகோவில் சீர்திருத்தப் பணியில் இருந்தவர். 2018இல், நினைவின்றிக் கிடந்து கண் விழிக்கத் தொடங்கிய ஜோஷுவா பாவ்லிக் என்ற வீடற்ற மனிதரை, அவர் கையில் துப்பாக்கி இருந்த நிலையில், காவலர்கள் சுட்டுக் கொன்றார்கள். கிர்க்பாட்ரிக் லேசான தண்டனை போதும் என்றார். கண்காணிப்பாளர் அதை மாற்றிப் பணிநீக்கம் என்றார். ஆணையமும் பணிநீக்கத்தின் பக்கமே நின்றது. 2020 பிப்ரவரியில் ஆணையமும் மேயரும் சேர்ந்து, காரணம் எதுவும் சொல்லாமல் கிர்க்பாட்ரிக்கை நீக்கினார்கள். பாவ்லிக் விஷயத்தில் கிர்க்பாட்ரிக் எடுத்த முடிவு தவறு என்றே நான் நினைக்கிறேன். அதைக் காரணமாக எழுதி, எல்லோருக்கும் முன்னால் நீக்கியிருக்க வேண்டும். காரணம் சொல்லாமல் நீக்கியதால் வழக்கு வந்தது. நடுவர் குழு அவருக்கு ஓராண்டுச் சம்பளத்தைக் கொடுக்கச் சொன்னது. 2023இல் அவர் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் காவல் தலைவரானார்.

அடுத்தவர் லெரோன் ஆம்ஸ்ட்ராங். 2021இல் வந்தார். மேற்கு ஓக்லாந்தில் பிறந்து வளர்ந்த கறுப்பினத்தவர். அந்தத் தெருக்களை அறிந்தவர். வெளியாள் வேண்டாம், நம் பிள்ளை வேண்டும் என்று பல ஆண்டுகளாகக் கேட்ட மக்களுக்கு அந்த நியமனம் உண்மையான மகிழ்ச்சி. 2023 ஜனவரியில் அவர் கட்டாய விடுப்பில் அனுப்பப்பட்டார். ஒரு சார்ஜென்ட் காரை மோதிவிட்டுப் போனது, அதே சார்ஜென்ட் தலைமையகத்தின் லிஃப்டுக்குள் துப்பாக்கியால் சுட்டது ஆகியவற்றைத் துறை விசாரித்த விதம் சரியில்லை என்று வெளியிலிருந்து வந்த சட்ட நிறுவனம் ஒன்று அறிக்கை கொடுத்திருந்தது. ஆம்ஸ்ட்ராங் கண்காணிப்பாளரை வெளிப்படையாகச் சாடினார். பிப்ரவரியில் மேயர் ஷெங் தாவ் அவரை நீக்கினார். சில மாதங்களில், சுதந்திரமாக விசாரித்த ஓர் ஓய்வுபெற்ற நீதிபதி ஆம்ஸ்ட்ராங்குக்குச் சாதகமாகக் கருத்துச் சொன்னார்.

பிறகு நடந்ததை எந்த நகரமும் பாடமாக வைத்துப் படிக்கலாம். புதிய தலைவரைத் தேடும் பொறுப்பு ஆணையத்திடம் இருந்தது. ஆணையத்துக்குள்ளேயே பிளவு. சில உறுப்பினர்கள் கூட்டங்களைப் புறக்கணித்ததால் வேலை நின்றது. மாதக்கணக்கில் இழுத்த பிறகு ஒரு பட்டியல் மேயரிடம் போனது. அதில் ஒரு பெயர் லெரோன் ஆம்ஸ்ட்ராங். தான் நீக்கியவரின் பெயரையே கையில் வாங்கிய மேயர் முழுப் பட்டியலையும் திருப்பி அனுப்பினார். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான் என்பார்கள். இங்கே இரண்டு தச்சர்கள், இருவருக்கும் வேறு வேறு வீடு கட்ட ஆசை.

அந்தத் தேடல் காலத்தில் நானும் ஒரு பொதுக்கூட்டத்துக்குப் போயிருந்தேன். வந்தவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். ஒரு கடைக்காரர், இரண்டு போதகர்கள், மகனைத் துப்பாக்கிச்சூட்டில் இழந்த ஒரு தாய். புதிய தலைவரிடம் என்னென்ன குணங்கள் வேண்டும் என்று எல்லோரும் வரிசையாகச் சொன்னார்கள். நேர்மை, இரக்கம், அனுபவம், இந்த ஊரைப் புரிந்தவர், ஊழலைப் பொறுக்காதவர். அந்தத் தாய் மட்டும் வேறொன்று கேட்டார். தன் மகன் வழக்கைப் பற்றி ஒரு தலைவரிடம் பேசினாராம், அவர் கவனமாகக் கேட்டாராம், அடுத்த முறை போனபோது வேறொருவர் இருந்தாராம். "வருகிறவர் நான் அடுத்த முறை வரும்போதும் இருப்பாரா?" என்றார். மேசையின் அந்தப் பக்கம் இருந்தவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். பதில் சொல்ல அவர்களிடம் எதுவும் இல்லை, ஏனென்றால் அது விண்ணப்பதாரர் தீர்மானிக்கும் விஷயமே இல்லை.

இந்த நிலையாமையின் விலை கண்ணுக்குத் தெரிவது. ஓக்லாந்தில் 2012இல் 'சீஸ்ஃபயர்' என்ற திட்டம் தொடங்கியது. ஒரு நகரத்தின் துப்பாக்கிச்சூடுகளில் பெரும்பகுதிக்கு மிகச் சிறிய எண்ணிக்கையிலானவர்களே காரணம் என்பது அதன் அடிப்படை. அவர்களை இனங்கண்டு, காவலரும் போதகரும் சமூகப் பணியாளரும் சேர்ந்து நேரில் உட்கார வைத்துப் பேசுவார்கள். சுடுவதை நிறுத்தினால் வேலை, வீடு, சிகிச்சைக்கு உதவி. நிறுத்தாவிட்டால் சட்டம். சில ஆண்டுகளில் கொலைகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. இந்த வேலைக்கு உயிர் நம்பிக்கைதான்: இன்று கொடுத்த வாக்கு நாளையும் செல்லும் என்ற நம்பிக்கை. தலைமை மாற மாற, முன்னுரிமைகளும் மாறின. 2024 தொடக்கத்தில் வந்த தணிக்கை, நகரம் அந்தத் திட்டத்தின் மூல வழியிலிருந்து படிப்படியாக விலகிவிட்டதாகச் சொன்னது. இடைப்பட்ட ஆண்டுகளில் கொலைகள் மீண்டும் ஆண்டுக்கு நூறைத் தாண்டியிருந்தன. பெருந்தொற்றும் ஒரு காரணம், நாடு முழுவதும் அப்போது வன்முறை ஏறியது. ஆனாலும் கையில் இருந்த மருந்தைக் கீழே வைத்தது நகரம்தான். அந்தத் திட்டத்துக்கு மீண்டும் உயிர் கொடுத்த 2024இல் எண்ணிக்கை நூறுக்குக் கீழே இறங்கியது.

அந்த 2024 பிப்ரவரியில், ஓக்லாந்துக்கு நிரந்தரத் தலைவர் இல்லாமல் ஓராண்டு ஆகியிருந்த நேரத்தில், ஆளுநர் கவின் நியூசம் மாநில நெடுஞ்சாலைக் காவலர்களை நகரத்துக்குள் அனுப்பினார். எஜமானர் வரிசை இன்னும் நீண்டது. மார்ச்சில், டெக்சாஸின் லபக் நகரத்தில் தலைவராக இருந்த ஃபிளாய்ட் மிட்செல் தேர்ந்தெடுக்கப்பட்டார். மே மாதம் பதவியேற்றார். நவம்பரில், அவரைத் தேர்ந்தெடுத்த மேயர் தாவை மக்கள் வாக்களித்துப் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள். 2025இல் பார்பரா லீ மேயரானார். அதே ஆண்டு அக்டோபரில் மிட்செல் பதவி விலகல் கடிதம் கொடுத்தார், டிசம்பரில் கிளம்பினார். ஜேம்ஸ் பீர் இடைக்காலப் பொறுப்புக்கு வந்தார். ஒன்றரை ஆண்டு. ஒரு பகுதிக்கு ஒரு காவலரை அறிமுகப்படுத்தி, அந்தத் தெரு அவரை நம்பத் தொடங்குவதற்கே அவ்வளவு காலம் போதாது.

இந்த ஊர் இதுவரை எல்லா வகை ஆட்களையும் முயன்று பார்த்துவிட்டது. வெளியூர் நட்சத்திரம், உள்ளூர்ப் பிள்ளை, சீர்திருத்தப் பெண்மணி, டெக்சாஸின் அனுபவசாலி. இவர்கள் எல்லோரும் திறமையற்றவர்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை. பேட்ஸ் பின்னாளில் பால்டிமோரில் காவல் தலைவராகி, ஃப்ரெடி கிரே என்ற கறுப்பின இளைஞர் காவலில் காயமடைந்து இறந்ததற்குப் பின் வந்த கொந்தளிப்பில் பதவி இழந்தார் என்பதையும், கிர்க்பாட்ரிக் இன்னொரு பெரிய நகரத்தின் நம்பிக்கையைப் பெற்றார் என்பதையும் சேர்த்தே பார்க்கிறேன். ஆளுக்கு ஆள் குறை இருக்கலாம். பதவி மட்டும் அப்படியே, பல கைகள் பிடித்து இழுக்கும் நிலையிலேயே இருக்கிறது.

அடுத்த நிரந்தரத் தலைவரைத் தேடும் வேலையை என்னிடம் கேட்டால், ஆள் தேடும் நிறுவனத்தைக் கூப்பிடுவதற்கு முன் மேயரையும் ஆணையத்தையும் ஒரே அறையில் உட்கார வைப்பேன். எந்தக் காரணங்களுக்காகத் தலைவரை நீக்குவோம், எந்தக் காரணங்களுக்காக நீக்கமாட்டோம் என்பதை இருவரும் சேர்ந்து எழுதிக் கையெழுத்திட வேண்டும். அந்தத் தாளை விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டும். நீக்கினால் காரணத்தை எழுத்தில் வெளியிட வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இது காவல் தலைவருக்குக் கவசம் கொடுப்பது என்று ஆணையத்தில் உள்ள நண்பர்கள் எதிர்க்கலாம். பாவ்லிக் போன்ற ஒரு மரணத்தைத் தவறாகக் கையாண்டவரை நீக்கும்போது, அது எதற்காக என்று ஊருக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் என் வாதம். அடுத்து வருகிறவரும் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்வார்.

பிறகு, விண்ணப்பதாரர் தரும் பரிந்துரைக்காரர்களோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. அவர் விட்டு வரும் ஊருக்கு இரண்டு பேரை அனுப்ப வேண்டும். அங்கே காவலர் சங்கத் தலைவரிடமும், அவரைத் தொடர்ந்து எழுதிய பத்திரிகையாளரிடமும், காவலர் கையில் உறவினரை இழந்த ஒரு குடும்பத்திடமும் பேச வேண்டும். மூவரும் அவரைப் புகழ்ந்தால் நான் சந்தேகப்படுவேன். மூவரும் அவரைப் பற்றி வேறு வேறு குறை சொல்லி, "ஆனால் கேட்டதற்குப் பதில் சொன்னார்" என்று ஒப்புக்கொண்டால் அவரை நேர்காணலுக்கு அழைப்பேன்.

துறைக்குள் இருக்கும் கேப்டன்கள், துணைத் தலைவர்கள் யார், அவர்களில் யாரை ஐந்து ஆண்டில் தயார்செய்யலாம் என்ற திட்டத்தையும் புதியவரிடம் முதல் நாளிலேயே கேட்பேன். மேக்னஸ் போன பிறகு ரிச்மண்ட் தடுமாறியதற்கு இந்தப் பக்கம் போதிய கவனம் இல்லாததும் காரணம் என்று நினைக்கிறேன்.

சம்பளத்தைப் பற்றி ஓக்லாந்து கவலைப்பட வேண்டியதில்லை. அது தாராளமாகவே கொடுக்கிறது. கையேடு வெளியாகும்போது நான் தேடிப் பார்க்கப்போவது, யாருக்குக் கீழே இந்தப் பதவி என்று சொல்லும் வரியை. அந்த வரியில் ஒருவரா, ஐவரா என்பதை எண்ணிப் பார்த்துவிட்டு, அந்தப் பொதுக்கூட்டத்துக்கு வந்த தாய் கேட்ட கேள்வியை மேயருக்கும் ஆணையத்துக்கும் தனித்தனிக் கடிதமாக அனுப்பப்போகிறேன்.